பாவமும் சாக்கடையும் போகுமிடம்

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் போதும், பழைய தஞ்சை ஜில்லாவில் காவிரிக்குக் கிடைக்கிற மரியாதையைச் சொல்லி முடியாது. காதோலை, கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு, மாவிளக்கு எல்லாம் ஆற்றுக்குப் போகின்றன. ஆறு மசக்கையாக இருக்கிறாள் என்று சித்திரான்னம் செய்து படைக்கிறார்கள். புதிதாகக் கலியாணமானவர்கள் மாலையைக் கொண்டுவந்து தண்ணீரில் விடுகிறார்கள். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாத வருஷங்களில் ஆழ்குழாயிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொட்டச் செய்து, அதன் கீழே தலையை நீட்டிக்கொண்டு, "காவிரித் தாயே" என்று கும்பிட்டதையும் நாம் பார்த்திருக்கிறோம். அது அவரவர் இஷ்டம், போகட்டும். நம் பெண்மக்கள் வருஷத்தில் ஒரு நாளாவது அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து நிம்மதியாய்ச் சோறு தின்பதில் நமக்குச் சந்தோஷமே ஒழிய வருத்தம் கிடையாது. நாம் கேட்பதெல்லாம், விளக்கு விடுகிற அந்தப் படித்துறைக்குக் கூப்பிடு தூரத்தில் ஊர்ச் சாக்கடை அவ்வளவும் அதே தாயின் வாயில் வந்து விழுகிறதே, அதைப் பார்த்து ஏன் ஒருவருக்கும் வெட்கமில்லை என்பதுதான்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு படித்துறையில் நாம் இதை ஒரு முதியவரிடமே கேட்டோம். நல்ல உழைப்பாளி என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"அய்யா, சாக்கடைக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு தீர்த்தம் என்று மொண்டு குடிக்கிறீர்களே?"

"அதுக்கென்னங்க தம்பி, மேட்டூருத் தண்ணி வந்தா எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"எங்கே போகும்?"

"கீழப் போகும்."

"கீழே யார் இருக்கிறார்கள்?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எம் பொண்ணக் குடுத்திருக்கேன், மாயவரத்துக்குக் கெழக்க" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

தோழர்களே! "அடித்துக்கொண்டு போய்விடும்" என்கிற இந்த ஒரு வார்த்தைதான் காவிரியைக் கெடுத்த வார்த்தை. இது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அய்ப்பசி மாதத்தில் கங்கை முதலிய நதிகள் எல்லாம் மாயவரம் துலாக்கட்டத்துக்கு வந்து, ஜனங்கள் தங்கள்மேல் கழுவிவிட்ட பாவத்தைக் காவிரியில் முழுகித் தீர்த்துக்கொள்கின்றனவாம். மாதம் முப்பது நாளும் வரமுடியாதவன் கடைமுகத்தன்று முழுகினால் போதுமாம். அதற்கும் வந்து சேரமுடியாத நொண்டிக்காகக் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு என்று ஒருநாள் தவணையும் கொடுத்திருக்கிறார்கள். காசியில் ஒருவன் செய்த பாவம் கங்கைக்குப் போயிற்று; கங்கையின் பாவம் மாயவரத்துக்கு வந்தது; சரி, காவிரிக்கு வந்த பாவம் எங்கே போகும்? கதை கட்டினவர்கள் அந்த இடத்தில் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்கள். கதை கேட்டவர்களும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தன்னை விட்டுப் போனால் சரி, எங்கே போய் யார் தலையில் விழுந்தால் நமக்கென்ன என்கிற எண்ணத்தைத் தலைமுறை தலைமுறையாகப் புண்ணியம் என்ற பெயரால் புகட்டி வந்திருக்கிறார்கள்.

பாவம் என்கிற சரக்கில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பாவத்தைக் கழுவிவிடலாம் என்று பழகினவனுக்குச் சாக்கடையைக் கழுவிவிடுவது கஷ்டமாக இருக்குமா? நகரசபையும், சாயப்பட்டறைக்காரரும், ஆஸ்பத்திரிக்காரரும், கோழிக் கழிவை மூட்டை கட்டிப் பாலத்திலிருந்து வீசுகிறவரும் கடைப்பிடிப்பது இதே துலா ஸ்நான சாஸ்திரத்தைத்தான். அவர்களில் சிலர் கோவிலுக்கே போகாதவர்களாகக்கூட இருக்கலாம்.

இது நமது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் இந்தியா முழுவதும் கெட்டுப்போன ஆற்றுப் பகுதிகள் 351 என்று கணக்கெடுத்தது. தமிழ்நாட்டில் ஆறு. அந்த ஆறில் காவிரியும் ஒன்று. எங்கிருந்து எங்கே என்றால், மேட்டூரிலிருந்து மயிலாடுதுறை வரை! கங்கை வந்து சுத்தமாகிப் போகிற அதே துலாக்கட்டத்தில் கொண்டுவந்து கோட்டை முடித்திருக்கிறார்கள். வாரியத்தார் அளந்தது பாவத்தை அல்ல. தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்று தீர்க்கிற கிருமிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் குடித்துவிடுகின்றன. அழுக்கு அதிகமானால் அவை குடிக்கும் வாயுவும் அதிகம்; மீனுக்கு மூச்சுவிட மிச்சமிருக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் அந்தத் தேவை 3 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது மனிதன் இறங்கிக் குளிப்பதற்கு லாயக்கில்லை என்பது சர்க்கார் வைத்திருக்கும் விதி. குடிப்பதற்கு அல்ல, குளிப்பதற்கே! சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்களும் காவிரித் தண்ணீரைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வலி மாத்திரை, இரத்தக்கொதிப்பு மாத்திரை, கிருமிக்கொல்லி மருந்து ஆகியவற்றின் மிச்சமும், ஈயம், குரோமியம் முதலான உலோகங்களும் அதில் இருப்பதாகச் சொன்னார்கள். தீர்த்தம் என்று ஒரு உள்ளங்கை குடிக்கிறவர் வைத்தியச் சீட்டு இல்லாமலே எத்தனை மருந்து சாப்பிடுகிறார், பாருங்கள்.

மேலே நடந்த ஒரு சங்கதியைத் தஞ்சைக்காரர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். திருப்பூரைத் தொட்டு ஓடிக் கரூர் ஜில்லாவில் காவிரியோடு கலக்கிற நொய்யல் ஆற்றின் குறுக்கே, ஒரத்துப்பாளையத்தில் 1992இல் ஓர் அணை கட்டினார்கள். விவசாயத்துக்கென்று கட்டினது. ஆனால் அதில் வந்து தேங்கினது மழைத் தண்ணீர் அல்ல, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. ஆதியில் உப்பு, அப்புறம் நிறம், அப்புறம் நாற்றம். அணைக்குக் கீழே கிணறெல்லாம் கெட்டது, தென்னை கெட்டது, நிலம் உப்புப் பூத்தது. உலகத்தில் அணைத் தண்ணீர் வேண்டும் என்று விவசாயி சண்டை போடுவதுதான் வழக்கம். இங்கே அணைத் தண்ணீரே எங்களைக் கெடுக்கிறது என்று விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக்கணக்காக வாய்தா, அவகாசம், கமிட்டி, மறுபடியும் அவகாசம். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்தி செய்ய ஏற்பாடு செய்கிறவரையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடும்படி உத்தரவிட்டது. மூடினார்கள். சாயமேற்றிப் பிழைத்த தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். அந்தப் பனியன் ஏற்றுமதியில் இலாபம் சம்பாதித்தவர்கள் ஒரு பங்கை முதலிலேயே சுத்திகரிப்புக்குச் செலவிட்டிருந்தால், ஆறும் பிழைத்திருக்கும், தொழிலாளியின் அடுப்பும் அணைந்திருக்காது. நொய்யலுக்குப் பூசை செய்யாததால் இது நடக்கவில்லை. அதன் கரையில் கோவிலுக்கா குறைச்சல்?

நமது வைதீகர்களுக்குத் "தீட்டு" என்கிற விஷயத்தில் இருந்த சாமர்த்தியத்தையும் இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. இந்தக் காவிரி நாட்டில் ஆற்றையும் வாய்க்காலையும் வெட்டியவர்கள் யார்? கரை உடைந்தால் நடுராத்திரியில் மண்மூட்டை சுமந்தவர்கள் யார்? வருஷா வருஷம் தூர் எடுத்தவர்கள் யார்? சேரியில் இருந்தவர்கள். அவர்கள் வெட்டின குளத்தில் அவர்கள் குடம் மொள்ளக்கூடாது, உயர்ந்த ஜாதியார் குளிக்கும் படித்துறையில் அவர்கள் கால் படக்கூடாது. ஆறும் குளமும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று சொல்லுவதற்குச் சென்னை மாகாணத்தில் 1938இல் ஒரு சட்டமே செய்ய வேண்டியிருந்தது. மனிதன் கைபட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று கண்டுபிடித்த மூளைக்கு, மலம் விழுந்தால் தண்ணீர் கெட்டுவிடும் என்பது மட்டும் தெரியாமல் போனது எப்படி? இன்றைக்கும் நகரத்துச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறவன் அதே சேரியிலிருந்துதான் வருகிறான். மனிதன் கையால் மலம் அள்ளக் கூடாது என்று 1993இல் ஒரு சட்டம், மனிதனைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013இல் மற்றொரு சட்டம். சட்டம் இருக்கிறது, சாவும் இருக்கிறது.

சீமையைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் நகரத்துத் தேம்ஸ் நதியையும் அந்த ஊரார் தகப்பன் என்று சொல்லுவதுண்டு. அந்தத் தகப்பன் 1858ஆம் வருஷக் கோடையில் நாறின நாற்றத்தில் பார்லிமெண்டு மெம்பர்கள் சபையில் உட்கார முடியாமல், திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. உடனே பணம் ஒதுக்கி, பாஸல்ஜெட் என்கிற என்ஜினீயரைக் கொண்டு நகரம் முழுவதும் பாதாளச் சாக்கடை கட்டினார்கள். அப்புறமும் கெட்டது, 1957இல் அது செத்துப்போன நதி என்றே விஞ்ஞானிகள் எழுதினார்கள். மறுபடியும் செலவு செய்து சுத்தி செய்தார்கள். இப்போது மீன் இருக்கிறது, கடல்நாய்கூட வருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், லண்டனில் சாக்கடை கட்டப் பணம் ஒதுக்கின அதே 1858இல், அதே வெள்ளைக்காரன் நமக்குச் செய்த சட்டம் குடிமராமத்துக்குக் கட்டாய வேலை வாங்குகிற சட்டம்! அவன் மூக்குக்கு நாறினால் என்ஜினீயர், நம் ஊர் ஏரி உடைந்தால் நம்மவன் முதுகு.

இனி மணல். மணலை ஜனங்கள் வெறும் சரக்காக நினைக்கிறார்கள். ஆற்று மணல் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். மேலே வறண்டாலும் ஓர் அடி தோண்டினால் ஊற்று வரும் என்பது இந்த நாட்டில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்த ஊற்றுதான் பக்கத்துக் கிணற்றில் நீர். மணலை அள்ளிவிட்டால் ஆற்றின் தரை கீழே போய்விடும். வாய்க்காலின் தலைமதகு மேலே நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம், வாய்க்காலில் ஏறாது. கடலோரத்தில் இன்னும் மோசம். ஆற்றின் தரை கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கினால் உப்புத் தண்ணீர் ஆற்று வழியே உள்ளே நடந்து வரும். புது மணல் வந்து நிரப்பாதா என்றால், வருகிற மண்ணை மேலே உள்ள அணைகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

மணல் குவாரிகளைச் சர்க்காரே நடத்துவதென்று 2003இல் தீர்மானித்தார்கள். கொள்ளையைத் தடுக்கவாம்! அதற்கு இருபது வருஷம் கழித்து அமலாக்கத் துறை வந்து சோதனை போட்டது. 28 இடங்களில் அனுமதித்த அளவு 4.05 லட்சம் யூனிட், எடுத்த அளவு 27.70 லட்சம் யூனிட் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யைக் கொண்டு அளந்ததாகச் சொன்னது. வேலூர், திருச்சி, கரூர், அரியலூர், நமது தஞ்சாவூர் ஆகிய ஐந்து ஜில்லாக் கலெக்டர்களை விசாரணைக்குக் கூப்பிட்டது. வரமாட்டோம் என்று சர்க்கார் வழக்காடி, 2024 பிப்ரவரியில் போய்த்தான் ஆகவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லக் கேட்டுக்கொண்டு திரும்பியது. பிறகு ஜூலையில், இதை விசாரிக்க அமலாக்கத் துறைக்கு அதிகாரமில்லை என்று சென்னை ஹைக்கோர்ட்டு சொல்லிவிட்டது. யாருக்கு அதிகாரம் என்கிற வழக்கு எப்படியோ போகட்டும். போன மணல் எந்தக் கோர்ட்டுத் தீர்ப்பினால் திரும்பி வரும்? 2018 ஆகஸ்டு 22ஆம் தேதி இரவு, 1836இல் ஆர்தர் காட்டன் கட்டின முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. மணல் அள்ளினதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். இல்லை, அணைக்கு வயதாகிவிட்டது என்றார்கள் மந்திரிகள். கல்லணைக்கு அதைவிட எவ்வளவோ வயது என்பதை யாரும் அவர்களுக்கு ஞாபகப்படுத்தவில்லை போலும்!

புஷ்கரத்தை மறந்துவிடக் கூடாது. 2017 செப்டம்பரில், 144 வருஷத்துக்கு ஒரு முறை வருகிற மகா புஷ்கரம் என்று சொல்லி மயிலாடுதுறையில் கூட்டம் கூட்டினார்கள். வியாழன் துலா ராசிக்குப் போனானாம். வியாழன் போனான், காவிரியில் தண்ணீர் வரவில்லை. துலாக்கட்டத்தில் தொட்டி கட்டி ஆழ்குழாய்த் தண்ணீரை நிரப்பி முழுகச் செய்தார்கள். பிறகு சர்க்கார் மனமிரங்கி, இந்த முழுக்குக்காக மேட்டூரைத் திறந்துவிட்டது. அந்த வருஷம் ஜூன் 12இல் திறக்க வேண்டிய பாசனத் தண்ணீருக்கு அக்டோபர் 2 வரையில் விவசாயி காத்துக் கிடந்தான், குறுவை போயிற்று. உயிர் பிழைக்கக் கேட்டவனுக்கு அணையில் தண்ணீர் போதவில்லை. பாவம் போக்கக் கேட்டவனுக்கு இருந்தது. கட்சி எதுவானாலும் இதை எதிர்த்துப் பேச அப்போது எத்தனை பேருக்கு நெஞ்சுரம் இருந்தது?

கடைமடைக்குப் போவோம். தொண்ணூறுகளில் நாகை, சீர்காழிப் பக்கத்துக் கடற்கரை நஞ்சைகளைக் கம்பெனிகள் வாங்கி இறால் பண்ணை வெட்டின. உப்புத் தண்ணீரை நிலத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, தீவனமும் மருந்தும் கலந்த கழிவை வாய்க்காலில் விட்டார்கள். குடிநீர் உப்பாயிற்று, கூலியாளுக்கு நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. இதை எதிர்த்துச் சத்தியாக்கிரகமும் செய்து சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனவர் சர்வோதயத் தொண்டர் ஜகந்நாதன். அவர் காந்தி பக்தர், கடவுள் நம்பிக்கை உள்ளவர். அந்த விஷயத்தில் அவருக்கும் நமக்கும் ஒத்துப்போகாது. ஆனால் அவர் காவிரி அம்மனிடம் மனுப் போடவில்லை. கோர்ட்டில்தான் மனுப் போட்டார். 1996 டிசம்பர் 11இல் கடற்கரை ஒழுங்குப் பகுதியிலுள்ள அந்தப் பண்ணைகளை இடிக்கச் சொல்லித் தீர்ப்பாயிற்று. அப்படியும் என்ன நடந்தது? 2005இல் பார்லிமெண்டில் வேறு சட்டம் செய்து பண்ணைகளுக்கு வழிவிட்டார்கள். ஜெயித்த வழக்கைச் சட்டசபையில் தோற்கலாம் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? எண்ணெய், எரிவாயு விஷயத்தில் டெல்டாக்காரர்கள் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்றே சொல்லவேண்டும். கதிராமங்கலத்தில் 2017இல் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் ஓடினபோது தெருவில் உட்கார்ந்தார்கள், சிறைக்கும் போனார்கள். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்திலும் ஏற்கனவே நடந்துவருகிற கிணறுகளுக்கு விலக்கு உண்டு என்பதை நம்மவர்கள் கவனித்து வைப்பது நல்லது.

அடுத்தவனையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் நாம் சுயமரியாதைக்காரர்கள் அல்ல. கருநாடகம் சாக்கடையைக் காவிரியில் விடுகிறது என்று 2015இல் நமது சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. போடவேண்டியதுதான். ஆனால் ஈரோடும், திருச்சியும், கும்பகோணமும் விடுகிறது என்ன பன்னீரா? 2018 தீர்ப்பில் நமக்கு 177.25 டி.எம்.சி. என்றார்கள், குறைந்துபோயிற்று என்று எல்லாக் கட்சியும் கூச்சல் போட்டன, நாமும் போட்டோம். அந்தத் தண்ணீர் எந்த யோக்கியதையில் வரவேண்டும் என்று கேட்டவர் எத்தனை பேர்? நமது கூட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடநம்பிக்கையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசிவிட்டு, சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் குவளையையும் பந்தலுக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போன ஒரு கூட்டத்தில் நாமே இருந்தோம். அன்றைக்குத் தலைமை தாங்கினவருக்கு இதைப் படிக்கும்போது கோபம் வரலாம், வரட்டும். நம்மில் மணல் வண்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவன் கூலிக்காரன், அவனைத் திட்டிப் பயனில்லை. வண்டிக்குச் சொந்தக்காரனாக இருந்துகொண்டு மேடையில் சமதர்மம் பேசுகிறவனைத்தான் கேட்கவேண்டும். பூச்சி மருந்து விஷயமும் அப்படித்தான். விரால், கெளுத்தி, அயிரை, வயல் நண்டு, நத்தை என்று ஏழைக்குக் காசில்லாமல் கிடைத்த கறி எல்லாம் மருந்தடித்துப் போயிற்று. தவளையையும் மருந்தடித்துக் கொன்றுவிட்டு, மழை பெய்யவில்லை என்று எங்கேயோ இரண்டு தவளையைத் தேடிப் பிடித்துக் கலியாணம் செய்துவைக்கிற தேசம் இது!

பேராவூரணிப் பக்கத்து இளைஞர்கள் 2019இல் தங்கள் ஊர்ப் பெரிய குளத்தைத் தாங்களே பணம் சேர்த்துத் தூர் வாரினார்கள். கஜா புயல் அடித்து ஆறு ஏழு மாதம்கூட ஆகவில்லை, தென்னையெல்லாம் விழுந்து கிடந்த நேரம். யாகம் செய்யவில்லை, வருணனைக் கூப்பிடவில்லை, இயந்திரத்தைக் கூப்பிட்டார்கள். இது எல்லா ஊரிலும் ஆகக்கூடிய காரியம். ஆனால் குளத்தை ஊரார் வெட்டலாம், நகரத்துச் சாக்கடையை ஊரார் சுத்தி செய்ய முடியாது. அது சர்க்கார் கடமை. நாம் கொடுக்கிற வரிக்குச் செய்யவேண்டிய வேலை. பழங்காவியத்தின் அடியையே பெயராகச் சூட்டிக் காவிரியைச் சுத்தி செய்ய ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். பெயர் வெகு அழகு. எந்த ஊரில், எந்தச் சாக்கடை வாய், எந்தத் தேதிக்குள் அடைபடும் என்று ஊர் ஊராய்ப் பலகையில் எழுதி வைத்தால் அந்தப் பெயருக்கும் ஒரு பொருள் உண்டாகும்.

ஆகையால், ஆற்றோரத்து ஊர்களில் உள்ள தோழர்கள் ஒன்று செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மனுப் போட்டால் உங்கள் ஊர்ப் படித்துறைத் தண்ணீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடைசியாக எப்போது சோதித்தது, என்ன கணக்கு வந்தது, உங்கள் நகரசபை ஒரு நாளைக்கு எவ்வளவு சாக்கடையைச் சுத்தி செய்கிறது, எவ்வளவை அப்படியே விடுகிறது என்பதைச் சொல்லியாகவேண்டும். ஆடி மாதத்திலேயே மனுவைப் போட்டுவிட்டால் அய்ப்பசிக்குள் பதில் வந்துவிடும். பதில் வந்ததும் முடவன் முழுக்குக்கு முதல் நாள் அந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே "குளிக்க விதி 3 மில்லிகிராம்" என்றும் எழுதி, துலாக்கட்டத்துக்குப் போகிற வழியில் வையுங்கள். வைக்க இடம் கொடுக்கமாட்டேன் என்று சொன்னால், யார் சொன்னார்கள் என்பதை நமக்கு எழுதுங்கள். மாயவரத்துக்குக் கிழக்கே உள்ள ஊர்களிலிருந்து எழுதுகிறவர்களின் கடிதத்தை முதலில் போடுவோம்.